ஒரே வரிப்பணம், இரண்டு பூட்டுகள்: கல்லூரி மாவட்டத்துக்கும் நகரமன்றத்துக்கும் ஒரு திறந்த மடல்

உள்ளூர் அரசுக் கல்லூரிகளை நடத்தும் எங்கள் சமுதாயக் கல்லூரி மாவட்டத்தின் அறங்காவலர்களுக்கும் நகரமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கலிஃபோர்னியாவில் வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். வகுப்பறை தேடி அலைந்தபோது கல்லூரி எங்களை நகராட்சியிடம் அனுப்பியது. நகராட்சியோ கல்லூரிக்கே திருப்பி அனுப்பியது. அந்தச் சனிக்கிழமை காலையில் கல்லூரியின் வகுப்பறைகளும் ஓட்டப்பாதையும் வெறிச்சோடிக் கிடக்க, எதிரே நகரப் பூங்காவில் ஒரே திடலுக்கு மூன்று அணிகள் காத்திருந்தன.

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. மாநிலக் கல்விச் சட்டத்தின் 82537ஆம் பிரிவு, ஒவ்வொரு சமுதாயக் கல்லூரியிலும் ஊர்மக்கள் கூடுவதற்கான பொதுமன்றம் உண்டு என்றே சொல்கிறது. ஆனால் நடைமுறையில் அது ஒவ்வொரு முறையும் விண்ணப்பம், காப்பீட்டுச் சான்று, கட்டணம் என நீள்வதால், சிறு குழுக்கள் பாதியிலேயே கைவிட்டுவிடுகின்றன. நான் வேண்டுவது, நீங்கள் இரு தரப்பாரும் ஒருமுறை அமர்ந்து எழுதிக்கொள்ளும் கூட்டுப் பயன்பாட்டு ஒப்பந்தம்; அதாவது, கல்லூரியின் இடங்களை ஊர்மக்களும் பயன்படுத்துவதற்கான உடன்பாடு.

வர்ஜீனியா பீச்சில் டைட்வாட்டர் சமுதாயக் கல்லூரியும் நகரமும் சேர்ந்து 2013இல் ஒரே நூலகத்தைத் திறந்தன; பாடநூல் தேடும் மாணவரும் கதை கேட்க வரும் குழந்தையும் அங்கே ஒரே கூரையின்கீழ் அமர்கிறார்கள். நம் சான் ஹொசேயில் 2003 முதல் இயங்கும் எட்டு மாடி மார்ட்டின் லூதர் கிங் நூலகத்தில் நகரத்தின் கூட்டாளி சமுதாயக் கல்லூரி அல்ல, மாநிலப் பல்கலைக்கழகம்தானே என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் இருவேறு நிர்வாகங்களின் ஊழியர்களை ஓரிடத்தில் வேலை செய்யவைக்கும் சிக்கல் அங்கும் இருந்ததுதான்.

கல்லூரியின் தயக்கத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. புல்தரை பாழானால் சீரமைப்பது யார், யாரேனும் அடிபட்டால் பொறுப்பு யாருடையது, தேர்வு வாரத்தில் யாருக்கு முன்னுரிமை என்பவை முன்கூட்டியே எழுதப்பட வேண்டியவை. வகுப்புகளுக்கே எப்போதும் முதலிடம் இருக்கட்டும். வார இறுதியில் கூடுதலாகும் துப்புரவுச் செலவை நகராட்சி ஏற்கட்டும். முதலில் ஓட்டப்பாதையையும் நான்கு வகுப்பறைகளையும் மட்டும் ஈராண்டு திறந்து பார்க்கலாம். கட்டடச் செலவுக்கான அடுத்த கடன்பத்திரத்துக்கு ஒப்புதலாகக் கல்லூரி மாவட்டம் எங்களிடம் 55 விழுக்காடு வாக்குக் கேட்டு வரும்போது, இந்த ஒப்பந்தமும் அதன் கையில் இருந்தால் நல்லது.

இரு அவைகளும் கூட்டாகக் கூடும் நாளின் நிகழ்ச்சிநிரலில் இதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்று மாலை நானும் வருவேன். பேச மூன்று நிமிடம் போதும்.