வயதானவர் மறந்தால் காதையும் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் மூளையும் முதுமையும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தை எளிய தமிழில் எழுதுபவர்கள் குறைவு என்பதால் ஆவலோடுதான் படித்தேன். ஆனால், அறுபதைத் தாண்டினால் நினைவாற்றல் இறங்குமுகம்தான், தினமும் புதிர் போட்டால் அதைத் தடுக்கலாம் என்று எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பல ஆண்டுகள் உயிரியல் பாடம் நடத்தியவள் நான். இப்போது வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு வகையிலும் எனக்குச் சொல்ல இருக்கிறது.

மூளையின் எல்லாத் திறன்களும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. அமெரிக்க உளவியலாளர் வார்னர் ஷாயி 1956-இல் தொடங்கிய சியாட்டில் ஆய்வில், அதே ஆட்களை ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். அந்த ஆய்வின் பலமே அதுதான். இருபது வயதுக்காரரையும் எழுபது வயதுக்காரரையும் ஒரே நாளில் உட்காரவைத்து மதிப்பெண்ணை ஒப்பிட்டால், வயதோடு அவரவர் படிப்பு, சாப்பாடு, வளர்ந்த காலம் எல்லாம் சேர்ந்து குழம்பிவிடும். ஒரே ஆளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, வேகம் சீக்கிரமே குறையத் தொடங்குவது தெரிந்தது. சொல்வளமும் காரணம் பிடிக்கும் திறனும் நடுவயதில்தான் உச்சத்துக்கு வந்தன. தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நின்று அரை மணி கழித்து வருகிறதே, அந்தப் பெயர் அழியவில்லை, எடுத்துக்கொடுக்கத்தான் நேரமாகிறது.

அப்புறம், எந்த நினைவாற்றலைச் சொல்கிறார் கட்டுரையாளர்? ஹென்றி மொலாய்சன் என்ற அமெரிக்கருக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக அறுவை செய்து, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் இரண்டு பக்கமும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு நடந்தது எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். நட்சத்திரம் ஒன்று இரட்டைக் கோடுகளால் வரைந்திருக்கும். தாளை மறைத்துவிட்டு, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, இரண்டு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை நகர்த்த வேண்டும். கை எதிர்ப்பக்கமாக ஓடும், மூலைக்கு மூலை கோட்டைத் தாண்டும். மொலாய்சனும் முதல் நாள் அப்படித்தான் திணறினார். மூன்றாம் நாள் கிட்டத்தட்டப் பிழையில்லாமல் வரையும் அளவுக்குத் தேறிவிட்டார், ஆனால் இதற்குமுன் இந்தப் பயிற்சியைச் செய்ததே அவருக்குத் தெரியாது! கை கற்கும் வழி வேறு, நிகழ்ச்சிகள் பதியும் வழி வேறு என்பதை உலகம் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதுமையில் வரும் மறதி நோயான அல்சைமர் பெரும்பாலும் ஹிப்போகாம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும்தான் முதலில் தாக்கும். காலையில் பேசியதைக் குறிப்புக் கொடுத்து நினைவூட்டியும் வரவில்லை, பழகிய தெருவிலேயே வழி தவறுகிறது என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதற்கெல்லாம் அப்படி அஞ்ச வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே மறதி என்று எழுதினால், பயப்பட வேண்டாதவர்கள் பயப்படுவார்கள், போக வேண்டியவர்கள் போகமாட்டார்கள்.

சரி, புதிருக்கு வருகிறேன். புதிர் போட்டால் புதிர் நன்றாக வரும், அவ்வளவு உறுதியாகச் சொல்லலாம். மூளை விளையாட்டு விற்ற லுமோசிட்டி நிறுவனம், முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக எழுந்த குற்றச்சாட்டில், 2016-இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. நடைப்பயிற்சிக்கு இதைவிட நல்ல ஆதாரம் உண்டு. அதைக் கட்டுரை ஒரு வரியோடு விட்டுவிட்டது.

ஆனால் எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது, காதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாததுதான். டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் சரியும் நோய்நிலை, வருவதற்கு நாம் மாற்றக்கூடிய காரணிகள் என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் சொன்ன 14-இல் காது மந்தமும் ஒன்று. என் அம்மா கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார், சொன்னதையே மறுபடி கேட்பார். மறதி நோய் வந்துவிட்டது என்று உறவினர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். சோதித்துப் பார்த்தால், உயிரொலிகள் ஓரளவு கேட்கின்றன, மெய்யொலிகள் பல கேட்கவில்லை. பாலும் காலும் அவருக்கு ஒன்றாகவே கேட்டிருக்கின்றன. காதுக்கே வந்து சேராத சொல்லை மூளை எப்படி நினைவில் வைக்கும்? விட்டுப்போன ஒலியை ஊகிப்பதிலேயே கவனம் செலவாகிவிட்டால், பதிய வைக்க என்ன மிஞ்சும்? காது மெஷின் வைத்தபின் பேச்சுக்குப் பேச்சு பதில் வருகிறது.

மெஷின் மாட்டினால் டிமென்ஷியாவே வராது என்று நான் சொல்லவில்லை. 70 முதல் 84 வயதுவரை உள்ள, காது மந்தமான 977 பேரில் ஒரு பிரிவினருக்கு மெஷின் கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டு மூன்றாண்டு கவனித்த அமெரிக்க ஆய்வு 2023-இல் வெளியானது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இதய நோய் அபாயம் முதலான காரணிகள் கூடுதலாக இருந்தவர்களில், மெஷின் பெற்றவர்களுக்குச் சிந்தனைத் திறன் சரியும் வேகம் 48 சதவீதம் குறைந்திருந்தது.

காது மெஷின் மாட்டக் கூச்சப்பட்டே பலர் வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். காதுப் பரிசோதனை எப்படி நடக்கும், எந்த வயதில் செய்துகொள்ளலாம், மெஷின் பழக எத்தனை நாள் ஆகும் என்று ஒரு காது நிபுணரைக் கொண்டு அடுத்த இதழிலேயே எழுத வைக்க முடியுமா? வீட்டில் பெரியவர்கள் இருக்கும் வாசகர்கள் அனைவருக்கும் அது உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர்