சினைப்பைகளை எடுக்கும் மருத்துவர்களுக்கு: அந்த ஒரு பக்கத்தையும் எழுதிக் கொடுங்கள்

மகளிர் நல அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் ஒரு நாள் நள்ளிரவு தாண்டி எனக்கு ஒரு போன் வந்தது. 29 வயதுப் பெண். கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்ந்து வலிக்கும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் இருப்பவர்கள் ஒருவர் நம்பரை இன்னொருவருக்குக் கொடுத்து வைத்திருப்போம். அப்படித்தான் என் நம்பர் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. "அக்கா, திடீர்னு உடம்பெல்லாம் கொதிக்குது. போட்டிருக்கிற துணி நனையுற அளவுக்கு வேர்க்குது, அப்புறம் குளிர்ல நடுங்குது. தையல்ல சீழ் பிடிச்சிருச்சோன்னு பயமா இருக்கு" என்றாள். காய்ச்சல் பார்த்தாயா என்று கேட்டேன். நாலு தடவை பார்த்துவிட்டாளாம். காய்ச்சல் இல்லை.

இந்த நாலு வரியிலேயே அவளுக்கு என்ன நடக்கிறது என்று உங்கள் எல்லோருக்கும் புரிந்திருக்கும். எனக்கும் புரிந்தது: சினைப்பைகளை எடுத்ததால் திடீரென்று வந்த மெனோபாஸ். புரியாமல் பயந்து கிடந்தது அவள் ஒருத்திதான். உடம்பு அவளுடையது.

டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மூன்று பக்கம். என்னென்ன எடுத்தார்கள், எந்த ஆன்டிபயாட்டிக் எத்தனை நாள், தையல் பிரிக்க எப்போது வர வேண்டும், எவ்வளவு நாள் கனம் தூக்கக் கூடாது, எல்லாம் ஒழுங்காக இருந்தது. சினைப்பைகள் சுரக்கும் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் என்ற சொல் இல்லை. மெனோபாஸ் என்ற சொல்லும் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அப்புறம் எழுந்து போய் என்னுடைய பழைய ஃபைலை எடுத்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால், வேறொரு மருத்துவமனையில் எனக்குக் கொடுத்தது. அதிலும் இல்லை.

அதனால்தான் இந்த மடல். நான் கேட்பது ஒன்றே ஒன்று. 45 வயதுகூட ஆகாத ஒரு பெண்ணின் இரண்டு சினைப்பைகளையும் எடுக்கப் போகிறீர்கள் என்றால், மறுநாளிலிருந்து அவள் உடம்பில் என்ன ஆகும், அதற்கு என்ன மருந்து, அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை முன்கூட்டியே உட்கார்ந்து சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் எழுதியும் கொடுங்கள்.

நோயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் வயிற்றுக்குள் இருந்ததைத் திரையில் பார்த்தவர்கள் நீங்கள். 13 வயதில் தொடங்கிய வலிக்கு 24 வயதில்தான் ஒரு பெயர் கிடைத்தது. இரண்டு முறை லேப்ராஸ்கோப்பி. சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உருவாகும் சாக்லேட் கட்டிகள் எடுக்க எடுக்க வந்துகொண்டிருந்தன. நடுவில் மாதாமாதம், சினைப்பைகளின் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தும் லூப்ரோலைடு ஊசி. கடைசியில் சினைப்பைகள் இரண்டும் குடலோடு ஒட்டி, எது எங்கே முடிகிறது என்று தெரியாத நிலைக்கு வந்துவிட்டன. "எல்லாத்தையும் எடுத்துடலாம்" என்று சொன்னபோது சரி என்றது நான்தான். யாரும் வற்புறுத்தவில்லை. அப்போது எனக்கு 31 வயது. வலியில்லாத ஒரு மாதம் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் அந்த வயதுக்கு வந்திருந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அந்த அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குடலில் மிச்சமிருக்கும் நோய் அவ்வப்போது தலைகாட்டுகிறது. ஆனாலும் பழைய வலி இல்லை. அதற்காக என் மருத்துவருக்கு நன்றியோடு இருக்கிறேன். அறுவை சிகிச்சையை எதிர்த்து நான் இதை எழுதவில்லை என்பது உங்களுக்குப் புரிய வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் இனி குழந்தை பெற முடியாது என்று ஒரு வரி இருந்தது. அதை வாசித்துக் காட்டி, தனியாக ஒரு கையெழுத்து வாங்கினார்கள். மாதவிலக்கு இனி வராது என்றும் சொன்னார்கள், சந்தோஷமான செய்தியாக. எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சினைப்பைகள் என் எலும்புக்கும் இதயத்துக்கும் தூக்கத்துக்கும் ஞாபகத்துக்கும் சேர்த்து வேலை பார்த்துக்கொண்டிருந்தன என்று ஒருவரும் சொல்லவில்லை. கருமுட்டைகளை முன்கூட்டியே எடுத்து உறைய வைக்க முடியுமா என்று பார்க்கலாம் என்றுகூட யாரும் வாய் திறக்கவில்லை. கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்லியிருக்கலாம். கேட்கப்படவே இல்லை.

மூன்றாம் நாள் ராத்திரி வார்டில் முதல் தடவை வந்தது. நெஞ்சில் கிளம்பி, கழுத்தில் ஏறி, காது வழியாக உச்சந்தலைக்குப் போனது. காது மடலைத் தொட்டால் சுட்டது. இரண்டு நிமிடம் இருந்திருக்கும். அப்புறம் வேர்வை. தலையணை உறை ஈரமாகி, அந்த ஈரத்திலேயே குளிர ஆரம்பித்தது. பெல் அடித்தேன். நர்ஸ் வந்து தெர்மாமீட்டர் வைத்தார். 98.4. பிபி பார்த்தார், நார்மல். "காய்ச்சல் இல்லம்மா, பயப்படாம தூங்குங்க" என்று சொல்லி ஃபேனைக் கூட்டிவைத்துவிட்டுப் போனார். அன்பான பெண்மணி. அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மூன்று மணிக்கு மறுபடி வந்தது. வயிற்றுத் தையலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, தலையணையைத் திருப்பிப் போட்டேன். விடிவதற்குள் அந்தப் பக்கமும் நனைந்துவிட்டது. காலையில் ரவுண்ட்ஸ் வந்தவர்களிடம் சொன்னேன். "ஆபரேஷன் ஆன உடம்பு, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார் ஒருவர். கட்டைப் பிரித்துத் தையலைப் பார்த்தார். நன்றாக ஆறுகிறது என்றார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எனக்கு ஏதோ தொற்று வந்திருக்கிறது, இவர்கள் கண்டுபிடிக்கவில்லை, வீட்டுக்குப் போய்ச் செத்துப்போவேன் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது: "சினைப்பைகளை எடுத்ததால் இப்படி வரும், இதற்கு மருந்து இருக்கிறது."

இயல்பாக வரும் மெனோபாஸ் பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் வருகிறது. வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே உடம்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிட்டு வருகிறது. எங்களுக்கு அந்த அவகாசம் கிடையாது. ஓரிரு நாளில் ஈஸ்ட்ரோஜன் அடிமட்டத்துக்கு விழுந்துவிடுகிறது. டெஸ்டோஸ்டிரானும் ஏறக்குறைய பாதியாகிறது. இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்ததெல்லாம், ராத்திரியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்க முடியவில்லை, காலையில் கை விரல்களை மடக்க முடியவில்லை, பேசிக்கொண்டிருக்கும்போதே தெரிந்த சொல் மறந்துபோகிறது என்பதுதான். கணவர் தொட வந்தால் பயமாக இருந்தது. உள்ளே அவ்வளவு வறண்டு, எரிந்து, சில நாள் சிறுநீர் போவதே வேதனையாக இருந்தது. அந்த இடத்தில் தடவ ஒரு ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது என்று தெரிய நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் மூன்று முறை மருத்துவமனைக்குப் போனேன். மூன்று முறையும் தையலைப் பார்த்தார்கள்.

நான்காம் மாதம் என்னிடம் பேசியவரும் உங்களில் ஒருவர்தான். ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் பேனாவால் படம் வரைந்து காட்டினார். கர்ப்பப்பை இல்லாதவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் உங்களுக்குக் குடலில் நோய் மிச்சம் இருக்கிறது, ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் அது மறுபடி தூண்டப்படலாம், அதனால் அதைக் கட்டுப்படுத்தும் புரோஜெஸ்டிரான் ஹார்மோனையும் சேர்த்தே கொடுக்கிறேன் என்றார். தோலில் ஒட்டும் பேட்ச் எழுதினார். இயல்பாக மெனோபாஸ் வரும் வயது வரையாவது இதை நிறுத்தக் கூடாது என்றார். எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க டெக்ஸா ஸ்கேன் எழுதினார். மொத்தம் பத்து நிமிடம். மூன்றாவது வாரம் ஒரு நாள் கண் விழித்தால் வெளிச்சமாக இருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கிறேன். படுக்கையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவர் சொன்னது அவருடைய சொந்தக் கருத்தும் இல்லை. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவ அமைப்பான எஷ்ரே 2022-ல் வெளியிட்ட எண்டோமெட்ரியோசிஸ் வழிகாட்டியில் அதுதான் இருக்கிறது. சினைப்பைகளை இளவயதில் எடுத்தவர்களுக்கு எலும்பு அடர்த்திக் குறைவு, மறதி நோய், இதய நோய் ஆகியவற்றின் அபாயம் கூடுகிறது என்பதை மருத்துவர்கள் நினைவில் வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அதற்கும் முன்பே, மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2006-ல் லான்செட் ஆன்காலஜி இதழில் எழுதினார்கள்: 45 வயதுக்கு முன் இரண்டு சினைப்பைகளையும் இழந்த பெண்களிடம் இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது, அதுவும் ஈஸ்ட்ரோஜன் கொடுக்கப்படாதவர்களிடம்தான் முக்கியமாக. நான் இதைப் படித்த அன்று என் ஃபைலில் இருந்த அந்த மூன்று பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கனம் தூக்கக் கூடாது என்று எழுத இடம் இருந்திருக்கிறது.

ஹார்மோன் எடுத்தால் கேன்சர் வரும் என்று எங்களிடம் சொல்லாதவர் கிடையாது. மருந்துக் கடையில் சொன்னார்கள். மூட்டு வலிக்குப் பார்க்கப் போன மருத்துவரும் சொன்னார். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஹார்மோன் சிகிச்சை எடுத்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுவதாகச் சொல்லி 2002-ல் வெளிவந்த டபிள்யூ.எச்.ஐ. என்ற அமெரிக்க ஆய்வு. அதில் இருந்த பெண்கள் 50 முதல் 79 வயதுக்காரர்கள், சராசரி வயது 63. அவர்களுக்குக் கிடைத்த முடிவை 31 வயதில் சினைப்பைகளை இழந்தவள் மீது எப்படிப் பொருத்துவது? நான் கேட்பது கூடுதலாக ஒன்றும் இல்லை. என் வயதில் எல்லாப் பெண்களுடைய உடம்பிலும் இருக்கும் அளவுக்கு எனக்கும் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். மார்பகப் புற்றுநோய் போன்ற காரணங்களால் ஹார்மோன் எடுக்கவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு என்ன வழி என்பதை எழுதிக் கொடுப்பது இன்னும் அவசியம்.

மூன்று வருடமாகியும் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் கேட்பது கடைசியாக மாதவிலக்கான தேதியைத்தான். நான் அறுவை சிகிச்சை நடந்த மாதத்தைச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருப்பவர் கையை நிறுத்தி நிமிர்ந்து பார்க்கிறார். மறுபடி ஒரு முறை வயதைக் கேட்கிறார். முதல் டெக்ஸா ஸ்கேனுக்குப் போனபோது பெயரைக் கூப்பிட்டவர், "அம்மாவை உள்ளே கூட்டிட்டு வாங்க" என்றார். நான் தனியாகத்தான் போயிருந்தேன்.

பெண்ணின் வலியை நிறுத்த சினைப்பையை எடுப்பது புதிதும் அல்ல. 1872-ல் ராபர்ட் பேட்டி என்ற அமெரிக்க மருத்துவர், மாதவிலக்கையொட்டிய வேதனைக்காக ஒரு இளம்பெண்ணின் சினைப்பைகளை எடுத்தார். மெனோபாஸை வரவழைத்துவிட்டால் வேதனை நிற்கும் என்பது அவர் கணக்கு. அவரைப் பார்த்துப் பலரும் பல ஆண்டுகள் அதைச் செய்தார்கள். அவர் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதைப் பிரித்தெடுத்ததே 1929-ல்தான். இன்றைக்குத் தெரியும். மாத்திரையாக, பேட்ச்சாக, ஜெல்லாக இருக்கிறது. 13 வயதில் பள்ளிக்கூடத்தில் சுருண்டு விழுந்தபோது எல்லாருக்கும் வர்றதுதானே என்றார்கள். 20 வயதில், குழந்தை பெற்றால் சரியாகிவிடும் என்றார்கள். 31 வயதில், எல்லாவற்றையும் எடுத்த பிறகும், கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். எங்கள் வலியை எத்தனை வயதில்தான் நம்புவீர்கள்?

மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்று வெளியே நாற்காலியில் காத்திருந்து எண்ணியிருக்கிறேன். அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறேன். என்ன அறிகுறிகள், எந்த நாளிலிருந்து வரலாம். எந்த ஹார்மோன், எவ்வளவு, எப்போது தொடங்க வேண்டும். கொடுக்க முடியாது என்றால் ஏன், பதிலுக்கு என்ன. எலும்பு ஸ்கேன் எந்த மாதம். ராத்திரி பயந்தால் கூப்பிட ஒரு நம்பர். இவ்வளவுதான். ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொருவருக்கும் மருந்தை மட்டும் மாற்றி எழுதினால் போதும். வார்டில் இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ்களுக்கும் அதில் ஒரு பிரதி கொடுங்கள்.

ஒப்புதல் படிவத்தை நீட்டும் அதே நேரத்தில் அந்தப் பக்கத்தையும் நீட்டுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு வேண்டாம். முன்னால்.

அந்தப் பெண்ணுக்குத் தையல் பிரிக்க வரும் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. அந்தத் தாளை நான் எழுதும்படி ஆகியிருக்கக் கூடாது. தயவுசெய்து நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
34 வயதில், மெனோபாஸின் நான்காம் வருடத்தில் இருக்கும் ஒரு நோயாளி