எத்திக் வகுப்பு பற்றி அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பாவை செப்டம்பரில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகிறீர்கள், மூனிக்கில் அந்தப் பள்ளிக்கூடத்துப் படிவத்தில் கத்தோலிக்க மதப் பாடமா, புராட்டஸ்டன்ட் மதப் பாடமா, இரண்டும் வேண்டாமென்றால் 'எத்திக்' என்கிற நெறிப் பாடமா என்று கேட்டிருந்தது, நீங்கள் எத்திக் என்று குறித்துவிட்டீர்கள் என்று எழுதியிருந்தாய். அதோடு, "உனக்கு வருத்தமாகத்தான் இருக்கும், தெரியும்" என்று என் பதிலையும் நீயே எழுதிவிட்டாய். வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் சொல்ல நிறைய இருக்கிறது. போனில் என்றால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

பெரிய மாமாவிடம் சொன்னேன், கொதித்துப் போனார். சாமி பயம் இல்லாத பிள்ளை நாளைக்கு எதற்கு அடங்கும் என்கிறார். எனக்கு அந்தப் பேச்சு என்றைக்குமே ஒத்துவந்ததில்லை. பயத்தில் வருகிற ஒழுக்கம் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிற நினைப்பு இருக்கிறவரைதான். ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் நைட் டியூட்டி பார்த்தவள் நான். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, கையில் காசு விழுந்தால்தான் ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவேன் என்று நின்ற ஆளைப் பார்த்திருக்கிறேன். அதே வார்டில் பெரியார் கட்சிக்காரர் ஒருவர் இருந்தார், கருப்புச் சட்டை, ஆயுத பூஜைக்குப் பொரி கொடுத்தால் சந்தோஷமாகத் தின்பார், கும்பிட மட்டும் மாட்டார். துணைக்கு ஆளில்லாமல், பெயர்கூடத் தெரியாமல் போலீஸ்காரர்கள் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிற நோயாளிகள் இருப்பார்கள், நாற்றம் தாங்காமல் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போவார்கள், இவர் வெந்நீர் கொண்டுவந்து உடம்பைத் துடைத்துவிட்டு, முதுகுப் புண்ணுக்கு நான் மருந்து வைத்துக் கட்டுகிறவரை ஆளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே நிற்பார். புண்ணியக் கணக்கே வைத்துக்கொள்ளாத மனுஷன். ஏண்ணே இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "வலிக்குதுல்ல சிஸ்டர்" என்றார்.

இதைவிட ஆழமான பதில் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. அடுத்தவருக்கு வலிக்கிறது என்பது தெரிகிறது, தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எல்லா மதத்துக்கும் முன்னாலேயே இது மனுஷனிடம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மதம் சொன்னதில் எது நல்லது, எது கெட்டது என்று நாம் எதை வைத்துப் பிரித்திருப்போம்?

நம்ம ஊரிலேயே பார். 1939 ஜூலை 8ஆம் தேதி காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர், கோயிலுக்குள் விடாமல் ஒதுக்கப்பட்ட சாதிகளில் பிறந்த கக்கன் உள்ளிட்டவர்களைக் கூட்டிக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். அதுவரை அவர்களை வெளியே நிறுத்தியவர்கள் சாஸ்திரம் பேசித்தான் நிறுத்தினார்கள். கூட்டிக்கொண்டு போனவரும் அதே அம்மனைக் கும்பிட்ட பக்தர்தான். அவருக்குத் தனியாக வேறு ஒரு சாஸ்திரம் கிடைத்துவிடவில்லை. வாசலில் நிறுத்தப்பட்டவனின் அவமானம் அவருக்கு உறைத்தது, அதை வைத்து அவர் சாஸ்திரத்தையே எடை போட்டார். நான் வாராவாரம் அந்தச் சன்னதியில் போய் நிற்கிறவள், அதனால் இதை உரிமையோடு சொல்கிறேன்: சாமியின் பெயரால் சொல்லப்படுவதையும் மனசாட்சியிடம் கேட்டுத்தான் ஏற்க வேண்டும், கடவுளை நம்புகிறவர்களும்தான்.

கோரா என்று ஆந்திராவில் ஒரு நாத்திகர் இருந்தார், உனக்குத் தெரிந்திருக்காது. பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர், கல்லூரி ஆசிரியர், கடவுள் இல்லை என்று சொன்னதற்காக வேலையை இழந்தவர். அவர் காந்தியிடம் போய் வருஷக்கணக்காக வாதம் செய்தார், காந்தியும் காது கொடுத்துக் கேட்டார். கோரா தன் மகளைத் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒரு இளைஞருக்குக் கட்டிக்கொடுக்க முடிவு செய்தபோது, சேவாகிராமத்தில் நானே நடத்திவைக்கிறேன் என்றார் காந்தி. நாத்திகர் வீட்டுக் கல்யாணம் என்பதால் கடவுள் பெயரை எடுத்துவிட்டு சத்தியத்தின் பெயரால் உறுதிமொழி வைத்துக்கொள்ளவும் சம்மதித்தார். 1948 ஜனவரியில் காந்தியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கல்யாணம் மார்ச்சில் அதே சேவாகிராமத்தில் நடந்தது. ராமநாமம் சொல்லிக்கொண்டே வாழ்ந்தவரும் கடவுளே இல்லை என்றவரும் ஒரு பெண்ணின் கல்யாணத்தில் ஒரே பக்கம் நின்றார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

கடவுள் வாழ்த்தோடு தொடங்குகிற வள்ளுவரே என்ன சொல்கிறார்? "நல்லாறு எனினும் கொளல்தீது மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று." மேலுலகமே இல்லை என்றாலும் கொடுப்பதுதான் நல்லது என்கிறார். மாமாவிடம் இந்தக் குறளைச் சொன்னேன், பேச்சை மாற்றிவிட்டார்.

ஆனால் தம்பி, உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரக்கம் மனுஷனிடம் இயல்பாகவே இருக்கிறது என்று சொன்னேன், அது உண்மை. அதைத் தினமும் செய்கிற பழக்கமாக மாற்றுவதுதான் கஷ்டம், அந்த வேலையை எனக்கு என் மதம் செய்து கொடுத்தது. வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலை அடுப்பை ஏற்றி வைத்தார், அது இன்னும் எரிகிறது, சாதி மதம் கேட்காமல் சோறு போடுகிறார்கள். அவர் நம்பியது ஜோதியாக நிற்கிற இறைவனை. அந்த நம்பிக்கை எனக்கு இல்லை என்று நீ சொல்லிவிடலாம், ஆனால் அந்த அடுப்புக்குப் பதிலாக உன் வீட்டில் என்ன இருக்கிறது? பண்டிகை, விரதம், அன்னதானம், நோன்புக் கஞ்சி எல்லாம் பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கொடுக்கப் பழக்குகிற இடங்கள். அவை வேண்டாமென்றால் நீயும் மருமகளும் வேறு இடம் உண்டாக்கித்தான் ஆக வேண்டும். வாரத்தில் நடக்கிற ஒரு பாடம் அதைச் செய்துவிடும் என்று விட்டுவிடாதே. மாடியில் தனியாக ஒரு பாட்டி இருப்பதாகச் சொன்னாயே, அவருக்குக் கடையில் சாமான் வாங்கும்போது பாப்பாவையும் கூட்டிப் போ, பையை அவளே தூக்கட்டும்.

அப்புறம், மதக் கதைகளை அவளிடமிருந்து ஒளித்துவைக்காதே. போன நவம்பரில் லாந்தர் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனாளே, அந்த ஊர்வலத்துக்குரிய கிறிஸ்தவப் புனிதர் மார்ட்டின் தன் மேலங்கியைப் பாதியாக வெட்டிக் குளிரில் கிடந்த பிச்சைக்காரருக்குப் போர்த்திய கதையை நன்றாகச் சொல்லிக்கொடு. அப்போது அவர் ஒரு சிப்பாய், ஞானஸ்நானம்கூட இன்னும் வாங்கியிருக்கவில்லையாம். நம்ம கதைகளை நான் சொல்லிக்கொள்கிறேன். ஒருவேளை பாப்பா உன்னிடம் வந்து, ஆச்சி கும்பிடுகிற சாமி நிஜமா என்று கேட்டால், நான் நம்பவில்லை, ஆச்சி நம்புகிறாள் என்று உள்ளதைச் சொல். ஆச்சி ஏன் நம்புகிறாள் என்று கேட்டால் எனக்கு போன் போட்டுக் கொடு.

மருமகளுக்கு என் அன்பு. எத்திக் வகுப்பில் என்னவெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பாடம் தொடங்கியதும் எழுது, எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அம்மா