அந்த 'டிக் டிக்' வாயசைப்புக்குச் சாட்சி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு நண்பர், டிவியில் பார்த்த திரைப்பாடல் கச்சேரியில் மெதுவான பாட்டுக்கு நடுவே 'டிக் டிக்' என்று ஏதோ கேட்டதாகவும், ஆகவே பாடகர்கள் பாடவே இல்லை, வெறும் வாயசைப்புதான் என்றும் எழுதியிருந்தார். சத்தம் கேட்டது உண்மையாகத்தான் இருக்கும். அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தலைகீழ்.

நான் மதுரையில் முப்பது வருடமாக மெல்லிசைக் குழுக்களில் இருப்பவன். பாதிக்காலம் ரிதம் பேடு வாசித்தேன். மணிக்கட்டு வலி வந்த பிறகு எல்லா மைக்குகளின் ஒலியையும் கலக்கும் மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அந்த 'டிக்'குக்கு எங்கள் தொழிலில் கிளிக் என்று பெயர். மெட்ரோநோமின், அதாவது பாட்டின் வேகத்தைச் சீராகத் தட்டிக் காட்டும் கருவியின் துடிப்புதான். இப்போது மேடையில் பாதி வயலின்களும் கோரஸும் லேப்டாப்பிலிருந்து வருகின்றன, பின்னால் திரையில் படம் ஓடுகிறது. இவை யாருக்காகவும் நின்று காத்திருக்காது; வாசிப்பவர்தான் ஒட்டிப் போக வேண்டும். படம்பிடிப்பு என்றால் இன்னொரு காரணமும் உண்டு. ஒரே பாட்டை இரண்டு தடவை வாசித்து நல்ல பகுதிகளை வெட்டி ஒட்ட வேண்டுமானால், இரண்டும் ஒரே வேகத்தில் இருந்தாக வேண்டும். அதற்காக வாசிப்பவர்களின் காதில் மட்டும் கிளிக் ஓடும்.

பேசும் படம் வந்த புதிதிலேயே இது அமெரிக்க ஸ்டுடியோக்களில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஃபிலிமின் ஒலிப்பட்டையில் ஓட்டை போட்டுத் தட்டுச் சத்தம் உண்டாக்குவார்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும்போது 12 ஃபிரேமுக்கு ஓர் ஓட்டை என்றால் நிமிடத்துக்கு 120 தட்டு. ஆனால் அது மூடிய அறை. கசிந்தால் இன்னொரு டேக் போகலாம். ஐந்தாயிரம் பேர் முன்னால் அது நடக்குமா?

சரி, வாயசைப்பு விஷயம். ஹெட்போனிலிருந்து கசிந்த கிளிக் ஒளிபரப்பில் கேட்க வேண்டுமானால், பக்கத்தில் ஒரு மைக் திறந்திருக்க வேண்டும். முழுக்க வாயசைப்பு என்றால் மைக்கை மூடி வைத்திருப்பார்களே, கிளிக் எந்த வழியாக வரும்? ஒயர் மாறிப்போய் வரவும் வாய்ப்பு உண்டு. அப்போது அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் பாட்டு அடங்கும்போது மட்டும் தலைகாட்டும் டிக், பெரும்பாலும் அங்கே நிஜ ஆள் நிஜ மைக் முன்னால் உட்கார்ந்திருந்தார் என்பதைத்தான் சொல்கிறது.

கசியவிட்டது எங்கள் ஆட்களின் தவறு, அதை மறைக்கவில்லை. நானே செய்திருக்கிறேன். ஒரு கல்யாண வரவேற்பு. மூன்று கேமரா வைத்துப் படம் பிடித்தார்கள். மெதுவான பாட்டு, நிமிடத்துக்கு 72 தட்டு. புல்லாங்குழல் வாசிக்கிற பெரியவர் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டி, மறு பக்கத்தைக் கன்னத்துக்கு மேலே தள்ளி வைத்திருந்தார். அந்தத் திறந்த பக்கத்துக்கும் மைக்குக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பாட்டு முடிந்து எல்லோரும் கடைசி சுரத்தை இழுத்து நிறுத்த, கூட்டம் மூச்சைப் பிடித்திருக்க, வீடியோவில் தெள்ளத்தெளிவாக எட்டு டிக். கிட்டத்தட்ட ஏழு நொடி. பெண்ணின் அப்பா போன் போட்டு, "மண்டபத்துக் கடிகாரம் இவ்வளவு சத்தமாவா ஓடுது?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லித் தப்பித்தேன்.

அப்புறம்தான் பெரியவரிடம் கேட்டேன், ஏன் ஒரு காதோடு நிறுத்துகிறீர்கள் என்று. "தம்பி, என் ஊதல் எனக்கே கேக்காம நான் என்னத்த வாசிக்கிறது?" என்றார். கோளாறு அங்கேதான் இருந்தது. நான் அவர் காதுக்குக் கிளிக்கையும் கீபோர்டையும் அனுப்பினேனே தவிர, அவருடைய குழலை அனுப்பவில்லை. தன் வாத்தியம் கேட்காதவர் ஒரு பக்கத்தைக் கழற்றத்தான் செய்வார். கழற்றினால் கிளிக் பத்தாது, கூட்டச் சொல்வார். கூட்டினால் இன்னும் கசியும்.

இப்போது நான் செய்வது இதுதான். கிளிக்கை ரிதம் வாசிப்பவருக்கும் கீபோர்டுக்கும் மட்டும் கொடுக்கிறேன். மற்றவர்கள் அவர்களைப் பிடித்து வந்தால் போதும். வேறு யாருக்காவது கட்டாயம் தேவை என்றால், காதை அடைக்கும் ஃபோம் முனை வைத்த இயர்போன், இரண்டு காதிலும். லேப்டாப்பில் தானாக வரும் 'பீப்' ஊசி மாதிரிக் குத்தும், சின்ன இடுக்கிலும் வெளியேறும். அதை எடுத்துவிட்டு, மணல் குலுக்குவது போன்ற ஷேக்கர் சத்தம் வைக்கிறேன். கசிந்தாலும் பாட்டோடு பாட்டாகப் போய்விடும். தனிக்குழல் வரும் இடத்தில் கிளிக்கின் சத்தத்தைப் பாதியாக இறக்கியே பதிந்து வைக்கிறேன். கடைசித் தட்டோடு கிளிக் நின்றுவிட வேண்டும், அதற்குப் பின் ஒன்றுகூடக் கூடாது. அந்த எட்டு டிக்கும் இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் வந்திருக்காது.

பிறகு ஒயர். சின்னக் குழுக்களில் லேப்டாப்பின் ஒரே இயர்போன் துளையிலிருந்து இடப்பக்கம் கிளிக், வலப்பக்கம் டிராக் (பதிந்து வைத்த இசை) என்று பிரித்து எடுப்போம். அவசரத்தில் யாராவது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் மண்டபம் முழுக்க டிக் டிக்தான். கேமராக்காரர்கள் "ஆடியோ எங்கே எடுக்கட்டும்" என்று வந்து, வாசிப்பவர்களின் காதுக்குப் போகும் மானிட்டர் லைன் கைக்கு எட்டினால் அதில் சொருகிவிட்டுப் போவதும் நடக்கிறது. மண்டபத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, வீடியோவில் மட்டும் கிளிக் இருக்கும். அதனால் நிகழ்ச்சிக்கு முன்பு எல்லோரையும் இயர்போனோடு அவரவர் இடத்தில் சும்மா உட்காரச் சொல்லி, வெறும் கிளிக்கை மட்டும் ஓட்டி, கேமராவில் பதிவாவதைக் கேட்டுப் பார்க்கிறேன். இரண்டு நிமிட வேலை. எந்த மைக்கில் விழுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

பின்னால் சுத்தம் செய்துகொள்ளலாம் என்பவர்கள் உண்டு. அசல் கிளிக்கைத் தலைகீழாக்கிக் கலந்தால் அழிந்துவிடாதா என்று ஒரு தம்பி கேட்டான். இயர்போன், காற்று, மைக் மூன்றையும் தாண்டி வந்தது அசலைப் போல இருக்காது, அழியாது. ஒவ்வொரு டிக்காகத் தேடித் தேய்க்கும் மென்பொருள் இருக்கிறது. ரிதம் பலமாக ஓடும் இடத்தில் அது பரவாயில்லை. நீண்டு நிற்கும் குழலில் தேய்த்த இடமெல்லாம் தழும்பு மாதிரித் தெரியும்.

விழாக் கமிட்டிக்காரர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். லைட் கட்ட மூன்று மணி நேரம் கொடுக்கிறீர்கள். ஒலி சோதனைக்கு வந்தால் "ஆளுங்க வந்தாச்சு, ஆரம்பிங்க" என்கிறீர்கள். மேடையைப் படம் பிடிக்கிறீர்கள் என்றால் எங்களுக்கு இருபது நிமிடமாவது ஒதுக்குங்கள்.

அந்தப் புல்லாங்குழல் பெரியவர் இப்போது இரண்டு காதிலும் இயர்போன் மாட்டுகிறார். கிளிக் வேண்டாம், குழலும் தபலாவும் மட்டும் போதும் என்று நிபந்தனை. போன மாதம் வாசித்ததைக் கேட்டேன், தாளத்தில் ஒரு குறையும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு மெல்லிசைக் குழு ஒலி அமைப்பாளர்,
மதுரை.