ஒப்புதல் பெறாத எடைக்குறைப்பு ஊசிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சோதனை நிலையிலேயே உள்ள எடைக்குறைப்பு மருந்துகளை, ‘ஆய்வுக்கு மட்டும்’ என்ற குறிப்புடன் இணையத்தில் வாங்கிச் சிலர் தாமே ஊசி போட்டுக்கொள்வது மிகுந்த கவலை தருகிறது. முறையாக ஒப்புதல் பெற்றவையே பின்னாளில் தீங்கு செய்திருக்கின்றன: இதய வால்வுகளைப் பாதித்ததால் ஃபென்ஃப்ளூரமின் 1997-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது, 2006-இல் ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்ட ரிமோனபான்ட், மனநலப் பாதிப்புகளால் 2008-இல் நிறுத்தப்பட்டது. கண்காணிப்பு இருந்ததால்தான் அக்குறைகளாவது வெளிப்பட்டன. சோதனையில் பங்கேற்பவருக்கு மருத்துவரின் மேற்பார்வை உண்டு. தனியே குத்திக்கொள்பவருக்கோ, குப்பியில் இருப்பது அதே மருந்துதானா, அளவு சரியா, கிருமியற்றதா என்பதுகூடத் தெரியாது. உடல் பருமனால் வருந்துவோரின் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆயினும் இத்தகைய ஊசியைத் தொடங்குமுன் அவர்கள் மருத்துவரிடம் மறைக்காமல் பேச வேண்டும், இவ்விற்பனையைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் தடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்