குடல் செல்லைக் குறிவைக்கும் மருந்துகள் புதியவை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடல் தொற்றுகளில் கிருமியைத் தாக்காமல், அது பயன்படுத்திக்கொள்ளும் நம் செல்லின் புரதங்களைத் தடுக்கும் ஆய்வுகள் குறித்துத் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் இம்முறையை முழுக்க வருங்காலத்துக்குரியதாகக் காட்டியது பொருத்தமாக இல்லை.

காலரா சிகிச்சையே இதற்குப் பழைய சான்று. காலராக் கிருமி குடல் செல்லுக்குள் நுழைவதே இல்லை. அது சுரக்கும் நச்சு, 1959இல் கல்கத்தாவில் மருத்துவ ஆய்வாளர் சம்பு நாத் டே முயல் குடலில் நிறுவிக் காட்டிய அதே நச்சு, செல்லின் மேற்பரப்பிலுள்ள ஜி.எம்.1 என்னும் பொருளைப் பற்றி உள்ளே சென்று குளோரைடு வாயில்களைத் திறந்தபடியே நிறுத்திவிடுவதால், உப்பும் நீரும் கொட்டுகின்றன. ஆயினும் அதே குடலில் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்து உள்ளிழுக்கும் புரதம் பழுதின்றி இயங்குகிறது. உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் நம்பியிருப்பது அந்தப் புரதத்தைத்தான். 1971இல் வங்க எல்லை அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் பல உயிர்களைக் காத்தது, கிருமியைத் தொடவே தொடாத இக்கரைசலால்தான். குடலின் மிகைச் சுரப்பைக் குறைக்கும் ரேஸ்கடோட்ரில் என்ற மருந்தும் இவ்வகையே.

கிருமி தன்னை மாற்றிக்கொண்டு இத்தகைய மருந்திலிருந்து தப்புவது கடினம் என்பது பெரிய அனுகூலம். ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் இமாடினிப், சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லா கிருமி நம் செல்லின் நொதியொன்றைப் பயன்படுத்தி உள்ளே நுழைவதை ஆய்வகத்தில் தடுத்திருக்கிறது. ஆனால் அந்த நொதி நமக்கும் வேண்டியதாயிற்றே என்ற கேள்வியைக் கட்டுரை எழுப்பவில்லை.

அக்கேள்வி சேலத்துக்கும் உரியது. வயிற்றுப்போக்கு என்றதும் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே ஓர் ஆன்டிபயாட்டிக்கையும் லோபரமைடையும் கேட்டு வாங்குகிறோம். குடலின் அசைவை அடக்கும் லோபரமைடும் நம் உடலைத்தான் குறிவைக்கிறது. காய்ச்சலோடு ரத்தமும் போகும் சீதபேதியில் அது கிருமியையும் நச்சையும் உள்ளேயே தங்கவைத்துத் தீங்கு செய்யக்கூடும். சிறு குழந்தைகளுக்கு அதைத் தரவே கூடாது.

சேர்வராயன் மலையின் உள்கிராமங்களிலிருந்து ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் மருத்துவமனையை அடைவதற்குள் ஒரு குழந்தையின் உடல் வற்றிவிட முடியும். ஆகவே அங்குள்ள அங்கன்வாடிகளில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும், 14 நாள்களுக்குத் தர வேண்டிய துத்தநாக மாத்திரைகளும் மருத்துவ முகாம் நாள்களில் மட்டுமன்றி ஆண்டு முழுவதும் இருப்பில் இருக்க மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.