உப்புநீர் மீன்தொட்டியைத் தற்காலிகமாக இடம் மாற்றுவோர் கவனத்துக்கு

உறுப்பினர்களே, முதலில் கவலைப்பட வேண்டியது மணலைப் பற்றித்தான். வருடக்கணக்கில் கிளறாத மணலைக் கிளறினால் அடியில் தேங்கிய கழிவும், அழுகிய முட்டை வாடையடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் நீரில் கலந்து மீன்களைக் கொல்லக்கூடும். தொட்டியின் மேற்பகுதியிலுள்ள தெளிந்த நீரை மொண்டு, மூடி உள்ள வாளிகளில் நிரப்பி, பவளம், பாறை, மீன் எல்லாம் வெளியேறிய பிறகே மணலில் கை வையுங்கள்.

மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா பெரும்பாலும் உயிர்ப்பாறையில்தான் (நுண்ணுயிர்கள் வாழும் துளைகள் நிறைந்த கடற்பாறை) குடியிருக்கிறது. பாறை காயவே கூடாது. பழைய நீரில் மூழ்கியிருக்கட்டும், பவர்ஹெட்டும் (நீரைச் சுழற்றும் சிறு பம்ப்) ஹீட்டரும் ஓடட்டும். வழியில் மீன் வாளிக்கு பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம்.

புது உப்புநீரை முந்தின நாளே கலக்குங்கள்: ஒப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டும் எண்) 1.025, வெப்பம் 25–26 டிகிரி. தற்காலிகத் தொட்டியில் ஒரு வாரம் தினமும் அம்மோனியா இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். தெரிந்தால் அன்றே கால் பங்கு நீர் மாற்றுங்கள். தீனியைக் குறையுங்கள்.

கண்ணாடித் தொட்டியை நீரோடோ மணலோடோ தூக்காதீர்கள், அடித்தட்டு வளைந்து சிலிக்கோன் ஒட்டு விட்டுவிடும்.